பல்லுறுப்புக்கோவையின் மூலங்கள்: தேடும் இடத்தைச் சுருக்கிக்கொண்டு கண்டுபிடிக்கும் முறை

ஐந்தாம் படிச் சமன்பாடு (x-இன் மிகப் பெரிய அடுக்கு 5) ஒன்றைக் கையில் கொடுத்தால், 1 போட்டுப் பார்ப்போம், −1 போட்டுப் பார்ப்போம், 2, −2 என்று வரிசையாகப் போய்க்கொண்டே இருப்பதுதான் பெரும்பாலோர் செய்வது. சின்ன எண்களில் மூலம் அகப்பட்டால் சரி. அகப்படாவிட்டால் பத்து நிமிடம் கழித்தும் தொடங்கிய இடத்திலேயே நிற்போம். மூலம் எங்கெல்லாம் இருக்கவே முடியாது என்பதை முதலில் தெரிந்துகொண்டால், எஞ்சிய இடம் மிகச் சிறியதாகிவிடும். இந்த வழிகாட்டி முழுக்க அந்தக் கழித்தல் வேலையைப் பற்றியதுதான். ஒரே கணக்கை எடுத்துக்கொண்டு கடைசிவரை போவோம்:

p(x) = 2x⁵ − 9x⁴ + 16x³ − 5x² − 44x + 60

சொற்கள் குறித்து ஒரு வார்த்தை. p(c) = 0 ஆகுமானால் c என்பது அந்தக் கோவையின் பூச்சியம்; p(x) = 0 என்ற சமன்பாட்டுக்கு அதே c மூலம். எண் ஒன்றுதான், கோவையைப் பற்றிப் பேசும்போது ஒரு பெயர், சமன்பாட்டைப் பற்றிப் பேசும்போது இன்னொரு பெயர். வர்க்கமூலம், கனமூலம் என்பவற்றில் வரும் ‘மூலம்’ என்ற சொல்லோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது, உறவு உண்டென்றாலும். 5-இன் வர்க்கமூலம் என்பது x² − 5 = 0 என்ற சமன்பாட்டின் மிகை மூலம், அவ்வளவே. இங்கே தமிழ்நாட்டுப் பாடநூல்களின் சொற்களே வருகின்றன. இலங்கையில் படித்தவர்கள் பல்லுறுப்புக்கோவையைப் பல்லுறுப்பி என்றும், கெழுவைக் குணகம் என்றும், கலப்பெண்ணைச் சிக்கலெண் என்றும் வாசித்துக்கொள்ளலாம்.

முதல் படி: மொத்தம் எத்தனை மூலங்கள்?

n-ஆம் படிக் கோவைக்குக் கலப்பெண்களையும் (a + bi வடிவ எண்கள், i² = −1) சேர்த்து, மடங்குகளையும் எண்ணினால், சரியாக n மூலங்கள். இதுதான் இயற்கணிதத்தின் அடிப்படைத் தேற்றம். காஸ் 1799-இல் தமது முனைவர் பட்ட ஆய்வேட்டில் இதற்கு நிரூபணம் தந்தார். பின்னாளில் அவரே வேறு நிரூபணங்களையும் எழுதினார். நம் கணக்கின் படி 5, ஆக ஐந்து மூலங்கள். நான்கைக் கண்டுபிடித்துவிட்டு நிறுத்தினால் வேலை முடியவில்லை. ஆறு கிடைத்தால் எங்கோ தவறு.

‘மடங்குகளையும் எண்ணினால்’ என்ற நிபந்தனையைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். (x − 2)² ஒரு காரணியாக இருந்தால் 2 என்பது இரட்டை மூலம், அதை இருமுறை எண்ண வேண்டும். வரைபடத்தில் இது கண்ணுக்கே தெரியும். ஒற்றை மூலத்தில் வளைவரை x-அச்சை வெட்டிக்கொண்டு மறுபக்கம் போகும். இரட்டை மூலத்தில் அச்சைத் தொட்டுவிட்டு வந்த பக்கமே திரும்பும். மும்மடங்கு மூலத்தில் மறுபடியும் வெட்டும், ஆனால் அந்தப் புள்ளியில் சற்றுப் படுத்துக்கொண்டு கடக்கும்.

கெழுக்கள், அதாவது x-இன் அடுக்குகளுக்கு முன்னால் நிற்கும் எண்கள், எவ்வகை எண்கள் என்பதையும் இப்போதே பார்த்துவிட வேண்டும். பின்னால் வரும் ஒவ்வொரு விதியும் அதை நம்பித்தான் நிற்கிறது. கெழுக்கள் மெய்யெண்கள் என்றால் கலப்பெண் மூலங்கள் இணைகளாகவே வரும்: a + bi மூலம் என்றால் a − bi-யும் மூலம். ஆகவே ஒற்றைப்படைப் படியுள்ள மெய்க்கெழுச் சமன்பாட்டுக்குக் குறைந்தது ஒரு மெய் மூலமாவது உண்டு. கெழுக்களிலேயே i வந்துவிட்டால் இந்த விதி செல்லாது. x² − (1 + i)x + i = 0 என்பதன் மூலங்கள் 1, i; −i அங்கே மூலம் இல்லை.

இதற்கு இணையான இன்னொரு விதி: கெழுக்கள் விகிதமுறு எண்களாக இருந்தால் 3 + √2 மூலமாகும்போது 3 − √2-உம் மூலம். இது வர்க்கமூலத்துக்கு மட்டும் பொருந்தும். x³ − 2 = 0-க்கு ∛2 மூலம்; அதனால் −∛2-உம் மூலம் என்று எழுதிவிட்டால் தவறு. (−∛2)³ என்பது −2, சமன்பாடு பூச்சியமாகாது.

இரண்டாம் படி: கோவையைத் துப்புரவாக்குதல்

சலிப்பான வேலைதான், ஆனால் இங்கே விட்ட தவறு கடைசிவரை கூட வரும்.

எல்லாவற்றையும் ஒரு பக்கம் கொண்டுவந்து அடுக்குகளை இறங்குவரிசையில் எழுதுங்கள். பின்னக் கெழுக்கள் இருந்தால் பொதுப் பகுதியால் பெருக்கி முழுக்களாக்குங்கள். மாறிலி உறுப்பு இல்லையென்றால் x-ஐ வெளியே எடுங்கள். அதுவே 0 என்ற மூலம். x³ = 4x என்ற சமன்பாட்டை இருபுறமும் x-ஆல் வகுத்து x² = 4, விடை ±2 என்று முடிப்பது மிக அதிகமாக நிகழும் தவறு. x பூச்சியமாக இருக்கக்கூடிய இடத்தில் x-ஆல் வகுத்ததால் 0 என்ற மூலம் தொலைந்துபோயிற்று. மூன்றாம் படி, மூன்று மூலங்கள் என்று முதலிலேயே எண்ணி வைத்திருந்தால் இரண்டோடு நிறுத்தத் தோன்றாது.

நம் p(x) ஏற்கெனவே துப்புரவாகத்தான் இருக்கிறது.

மூன்றாம் படி: குறிமாற்றங்களை எண்ணுதல்

டெகார்ட்டே 1637-இல் தந்த விதி இது. கெழுக்களின் குறிகளை இடமிருந்து வலமாக எழுதி, + இலிருந்து − ஆகவோ − இலிருந்து + ஆகவோ எத்தனை முறை மாறுகிறது என்று எண்ணுங்கள். மிகை மெய் மூலங்களின் எண்ணிக்கை அதற்குச் சமமாக இருக்கும், அல்லது அதைவிட 2, 4, 6 என இரட்டைப்படை எண்ணிக்கையில் குறையும். பூச்சியக் கெழுக்களைத் தாண்டிவிடலாம். இரட்டை மூலத்தை இங்கும் இரண்டாகவே எண்ண வேண்டும்.

p(x)-இன் குறிகள்: + − + − − +. மாற்றங்கள் நான்கு. மிகை மூலங்கள் 4 அல்லது 2 அல்லது 0.

குறை மூலங்களுக்கு x இருக்குமிடத்தில் −x போட வேண்டும். ஒற்றைப்படை அடுக்குகளின் குறி மட்டும் மாறும்:

p(−x) = −2x⁵ − 9x⁴ − 16x³ − 5x² + 44x + 60

குறிகள்: − − − − + +. ஒரே ஒரு மாற்றம். ஒன்றிலிருந்து இரண்டைக் குறைக்க முடியாது என்பதால் குறை மூலம் சரியாக ஒன்றுதான், சந்தேகமே இல்லை. இந்த ஒரு வரி எவ்வளவு வேலையை மிச்சப்படுத்துகிறது என்பது சற்று நேரத்தில் தெரியும். ஒரு குறை மூலம் கிடைத்ததும் குறை எண்கள் பக்கமே திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை.

நான்காம் படி: விகிதமுறு மூலங்களுக்கான பட்டியல்

முழுக்கெழுக்கள் உள்ள சமன்பாட்டுக்கு r/s என்ற சுருங்கிய பின்னம் மூலமாக இருந்தால், r மாறிலி உறுப்பை மீதியின்றி வகுக்கும், s தலையாய கெழுவை (மிகப் பெரிய அடுக்கின் கெழுவை) மீதியின்றி வகுக்கும். ஏன் என்பதை நம் கணக்கிலேயே பார்க்கலாம். x = r/s எனப் பிரதியிட்டு s⁵-ஆல் பெருக்கினால்

2r⁵ − 9r⁴s + 16r³s² − 5r²s³ − 44rs⁴ + 60s⁵ = 0

கடைசி உறுப்பைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் r இருக்கிறது. ஆகவே 60s⁵-உம் r-ஆல் வகுபட்டாக வேண்டும். r-க்கும் s-க்கும் பொதுக்காரணி இல்லாததால் r வகுப்பது 60-ஐத்தான். அதேபோல முதல் உறுப்பைத் தவிர மற்றவற்றில் s இருக்கிறது. s வகுப்பது 2-ஐ. பின்னக் கெழுக்களை முழுக்களாக்காமல் இந்த விதியைப் போடக் கூடாது என்பதற்கான காரணமும் இந்த நிரூபணத்துக்குள்ளேயே இருக்கிறது.

60-இன் காரணிகள் 1, 2, 3, 4, 5, 6, 10, 12, 15, 20, 30, 60. இவற்றை 2-ஆல் வகுக்கும்போது புதிதாக வருபவை 1/2, 3/2, 5/2, 15/2. மொத்தம் 16 எண்கள், இரு குறிகளோடும் 32. இந்த 32-ஐயும் சோதிப்பதற்கு யாருக்கும் பொறுமை இருக்காது, சோதிக்கவும் தேவையில்லை.

விகிதமுறு மூலம் இருந்தால் இந்தப் பட்டியலுக்குள்தான் இருக்கும் என்று மட்டுமே தேற்றம் சொல்கிறது, பட்டியலில் ஒன்றாவது மூலமாக இருக்கும் என்று சொல்லவில்லை. பட்டியல் முழுவதும் தோற்றுப்போனால் ‘மூலமே இல்லை’ என்று எழுதிவிடாதீர்கள். ‘விகிதமுறு மூலம் இல்லை’ என்பதே சரியான முடிவு.

ஐந்தாம் படி: தொகுமுறை வகுத்தல், அதிலிருந்து எல்லைகள்

p(x)-ஐ (x − c)-ஆல் வகுத்தால் p(x) = (x − c)q(x) + மீதி. x = c எனப் போட்டால் முதல் பகுதி மறைந்து மீதி = p(c) என்றாகிறது. மீதித் தேற்றம் இதுதான். மீதி பூச்சியமானால் (x − c) காரணி; அது காரணித் தேற்றம். இரண்டையும் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, அந்த ஒரு வரியை நினைவில் வைத்தால் போதும்.

நேரடியாகப் பிரதியிடுவதைவிடத் தொகுமுறை வகுத்தல் மூன்று வகையில் மேலானது. கணக்கு குறைவு; மீதி பூச்சியமானால் ஈவு அப்போதே கையில் இருக்கும்; மூன்றாவதாக, அந்த அடி வரிசையே மூலங்களின் எல்லையையும் காட்டும். மூன்றாவது பயனைப் பலரும் பயன்படுத்துவதே இல்லை.

c = 5 போட்டுப் பார்ப்போம். முதல் கெழுவை அப்படியே கீழே இறக்கி, 5-ஆல் பெருக்கி அடுத்த கெழுவோடு கூட்டி, வந்ததை மறுபடி 5-ஆல் பெருக்கி அதற்கடுத்ததோடு கூட்டி என்று போக வேண்டும்.

கெழுக்கள்: 2, −9, 16, −5, −44, 60
அடி வரிசை: 2, 1, 21, 100, 456, 2340

அடி வரிசையில் குறை எண்ணே இல்லை. மிகை c ஒன்றுக்கு இப்படி வந்தால், c-ஐவிடப் பெரிய எந்த எண்ணும் மூலமாக இருக்க முடியாது. x > c ஆகும்போது (x − c) மிகை, q(x) மிகை, மீதி குறையல்ல. மூன்றும் சேர்ந்து பூச்சியமாக வழியே இல்லை. இங்கே மீதி 2340, ஆகவே 5-உம் மூலமல்ல. 5, 6, 10, 12, 15, 20, 30, 60, 15/2 அனைத்தும் ஒரே வீச்சில் போயின.

இதன் மறுதலை உண்மையல்ல. c = 3-க்கு அடி வரிசை 2, −3, 7, 16, 4, 72. நடுவில் ஒரு −3 இருக்கிறது. அதனால் 3-க்கு மேல் மூலம் இருக்கிறது என்று ஆகிவிடாது; இந்தச் சோதனை 3-ஐப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

குறை எண்களுக்கு விதி சற்று மாறும். அடி வரிசையின் குறிகள் ஒன்றுவிட்டு ஒன்று மாறி மாறி வந்தால், அந்த எண்ணுக்குக் கீழே மூலம் இல்லை. c = −2:

கெழுக்கள்: 2, −9, 16, −5, −44, 60
அடி வரிசை: 2, −13, 42, −89, 134, −208

குறிகள் + − + − + −. மாறி மாறி வந்துவிட்டன. −2-க்குக் கீழே ஒன்றுமில்லை. மீதி −208 என்பதால் −2-உம் மூலமல்ல. இனி p(−1)-ஐக் கணக்கிடுங்கள்: −2 − 9 − 16 − 5 + 44 + 60 = 72. ஆக −2-இல் குறை, −1-இல் மிகை. பல்லுறுப்புக்கோவை இடைவெளியின்றித் தொடர்ந்து செல்வது என்பதால், −2-க்கும் −1-க்கும் நடுவில் அது பூச்சியத்தைக் கடந்தே ஆக வேண்டும். குறை மூலம் ஒன்றுதான் என்று முன்பே தெரியும். பட்டியலில் அந்த இடைவெளிக்குள் இருப்பது −3/2 மட்டுமே. விகிதமுறு குறை மூலம் உண்டென்றால் அது −3/2, இல்லையென்றால் கிடையவே கிடையாது. பதினாறு குறை எண்கள் ஒன்றாகச் சுருங்கிவிட்டன.

கெழுக்கள்: 2, −9, 16, −5, −44, 60
−3/2-க்கு அடி வரிசை: 2, −12, 34, −56, 40, 0

மீதி பூச்சியம்.

தொகுமுறை வகுத்தலில் வழக்கமாக நேரும் தவறுகள் மூன்று. விட்டுப்போன அடுக்குக்கு 0 எழுத மறப்பது முதலாவது: x³ − 2x − 5-இன் கெழு வரிசை 1, 0, −2, −5, அதை 1, −2, −5 என்று எழுதினால் வேறொரு கோவையை வகுத்துக்கொண்டிருப்போம். (x + 3)-ஆல் வகுக்கும்போது −3-க்குப் பதில் 3 போடுவது இரண்டாவது. மூன்றாவது பின்னத்தோடு வருவது. −3/2-ஆல் செய்தால் நாம் வகுத்தது (x + 3/2)-ஆல், (2x + 3)-ஆல் அல்ல. ஈவு 2x⁴ − 12x³ + 34x² − 56x + 40. அதிலிருக்கும் 2-ஐ வெளியே எடுத்து (x + 3/2)-ஓடு சேர்த்தால்

p(x) = (2x + 3)(x⁴ − 6x³ + 17x² − 28x + 20)

அந்த 2-ஐ ஈவிலும் விட்டு (2x + 3) என்றும் எழுதினால் கோவை இரு மடங்காகிவிடும்.

ஆறாம் படி: குறைந்த படியில் மறுபடி தொடங்குதல்

ஒரு மூலம் கிடைத்ததும் பழைய p(x)-ஐ மறந்துவிட்டு ஈவை எடுத்துக்கொள்ள வேண்டும். பழைய கோவையிலேயே அடுத்த மூலத்தையும் தேடிக்கொண்டிருப்பது வீண் உழைப்பு. ஈவின் தலையாய கெழு 1, மாறிலி 20. பின்னங்கள் பட்டியலிலிருந்து போய்விட்டன. குறை எண்களும் இல்லை. 5-உம் அதற்கு மேலுள்ளவையும் ஏற்கெனவே தள்ளுபடி. எஞ்சுபவை 1, 2, 4.

1-க்கு: 1 − 6 + 17 − 28 + 20 = 4. மூலமல்ல. (கெழுக்களின் கூடுதல் பூச்சியமானால்தான் 1 மூலம், இதை வகுக்காமலே மனத்தில் பார்த்துவிடலாம்.)

2-க்கு அடி வரிசை: 1, −4, 9, −10, 0. மூலம்.

இந்த இடத்தில் 2-ஐப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டு அடுத்ததற்குப் போகக் கூடாது. கிடைத்த மூலத்தைப் புதிய ஈவில் இன்னொரு முறை போட்டே பார்க்க வேண்டும். இரட்டை மூலங்கள் தவறிப்போவது இங்கேதான். x³ − 4x² + 9x − 10-ஐ மறுபடி 2-ஆல் வகுத்தால் அடி வரிசை 1, −2, 5, 0. மறுபடியும் பூச்சியம், 2 இரட்டை மூலம்.

p(1) = 20, p(2) = 0, p(3) = 72 என்பதைக் கவனியுங்கள். 2-க்கு இருபுறமும் மதிப்பு மிகையே. குறி மாறும் இடங்களை மட்டும் பார்த்து மூலத்தைத் தேடுபவர்கள் இதைக் கண்டிருக்கவே முடியாது. இரட்டை மூலம் இருக்கிறதா என்று ஐயம் வந்தால் வகைக்கெழுவைப் பாருங்கள். p′(x) = 10x⁴ − 36x³ + 48x² − 10x − 44; p′(2) = 160 − 288 + 192 − 20 − 44 = 0. கோவையும் வகைக்கெழுவும் ஒரே இடத்தில் பூச்சியமானால் அந்த மூலம் ஒன்றுக்கு மேற்பட்ட மடங்குடையது.

மிஞ்சியது x² − 2x + 5. இருபடிக்கு வந்துவிட்டால் தேடல் முடிந்தது, சூத்திரம் இருக்கிறது. தன்மைகாட்டி 4 − 20 = −16, மூலங்கள் 1 ± 2i.

ஐந்து மூலங்கள்: −3/2, 2, 2, 1 + 2i, 1 − 2i. குறை மூலம் ஒன்று, மிகை மூலங்கள் இரண்டு. டெகார்ட்டே விதி தந்த 4, 2, 0-இல் 2 என்பதே உண்மையாயிற்று.

சரிபார்ப்பது: வியட்டாவின் சூத்திரங்கள்

axⁿ + bxⁿ⁻¹ + cxⁿ⁻² + … என்ற கோவையில் மூலங்களின் கூடுதல் −b/a. இரண்டிரண்டாகப் பெருக்கிக் கூட்டினால் c/a. குறி இப்படியே மாறி மாறிப் போய், எல்லா மூலங்களின் பெருக்கற்பலன் (−1)ⁿ × மாறிலி/a.

நம் விடையில் கூடுதல் −3/2 + 2 + 2 + 1 + 1 = 9/2. சூத்திரப்படி −(−9)/2 = 9/2. பெருக்கற்பலன் (−3/2) × 4 × 5 = −30; சூத்திரப்படி (−1)⁵ × 60/2 = −30. (இணைக் கலப்பெண்களின் பெருக்கல் 1 + 4 = 5 என்பதை மனத்திலேயே போடலாம்.) இரண்டும் ஒத்துவந்தால் விடையை நம்பலாம். இரட்டை மூலத்தை ஒருமுறைதான் எண்ணியிருந்தால் கூடுதலே காட்டிக்கொடுத்திருக்கும். தேர்வு எழுதுபவர்களுக்கு இதைவிடக் குறைந்த நேரத்தில் முடியும் சரிபார்ப்பு வேறில்லை. இரண்டு இடங்களில் கை தவறுகிறது: படி ஒற்றைப்படையாக இருக்கும்போது பெருக்கற்பலனின் குறி, தலையாய கெழுவால் வகுக்க மறப்பது.

மூலங்களுக்குள் ஏதாவது உறவு முன்கூட்டியே தெரிந்திருந்தால், வியட்டா சரிபார்க்கும் கருவி மட்டுமல்ல, தீர்க்கும் கருவியும்கூட. x³ − 12x² + 39x − 28 = 0-இன் மூலங்கள் கூட்டுத் தொடரில் உள்ளன என்று கொடுத்தால், அவற்றை a − d, a, a + d என்று எழுதுங்கள். கூடுதல் 3a = 12, a = 4. பெருக்கற்பலன் 4(16 − d²) = 28, d² = 9. மூலங்கள் 1, 4, 7. மூலங்களை a, a + d, a + 2d என்று எடுத்தாலும் விடை வரும், ஆனால் d மறைந்து கொடுக்காது. நடுவில் நிறுத்தி இருபுறமும் சமமாக வைப்பதில்தான் வேலை சுலபமாகிறது. மூலங்களைக் காணாமலே அவற்றின் வர்க்கங்களின் கூடுதலையும் சொல்லலாம்: 12² − 2 × 39 = 66. சரிதானா என்றால், 1 + 16 + 49 = 66.

வடிவத்தைப் பார்த்தே தீர்க்கக்கூடியவை

பட்டியல் போடுவதற்கு முன் கோவையை ஒரு கணம் நின்று பார்ப்பது நல்லது. x⁴ − 13x² + 36-இல் இரட்டைப்படை அடுக்குகள் மட்டுமே; x² = y என்றால் (y − 4)(y − 9), மூலங்கள் ±2, ±3.

கெழுக்களை முன்னிருந்து வாசித்தாலும் பின்னிருந்து வாசித்தாலும் ஒன்றாக இருந்தால் அது தலைகீழ்ச் சமன்பாடு. c மூலமானால் 1/c-உம் மூலம். 2x⁴ − 9x³ + 14x² − 9x + 2 = 0-ஐ x²-ஆல் வகுத்து y = x + 1/x எனப் போடுங்கள். (0 மூலமல்ல என்பதால் இங்கே வகுக்கலாம்.) x² + 1/x² = y² − 2 ஆவதால் 2y² − 9y + 10 = 0 கிடைக்கிறது. y = 2 அல்லது 5/2. முதலாவதிலிருந்து 1, 1. இரண்டாவதிலிருந்து 2, 1/2. y² − 2 என்பதிலுள்ள −2-ஐ விட்டுவிடுவதுதான் இங்கு வழக்கமாக நடக்கும் பிழை.

பட்டியல் தோற்றால்

முப்படிக்கும் நாற்படிக்கும் சூத்திரங்கள் உண்டு. கார்டானோ 1545-இல் வெளியிட்ட நூலில் இரண்டும் வந்தன. முப்படித் தீர்வு டார்டாலியாவிடமிருந்து அவருக்குக் கிடைத்தது, நாற்படித் தீர்வு அவருடைய மாணவர் ஃபெராரி கண்டது. ஆனால் x³ = 15x + 4 என்பதில் முப்படிச் சூத்திரத்தைப் போட்டால் ∛(2 + √−121) + ∛(2 − √−121) என்று வருகிறது. இச்சமன்பாட்டுக்கு 4 மூலம் என்பது கண்கூடு. மற்ற இரண்டும் −2 ± √3, அவையும் மெய்யெண்களே. மூன்று மூலங்களும் மெய்யாக இருக்கச் சூத்திரத்துக்குள் குறை எண்ணின் வர்க்கமூலம் வந்து உட்கார்ந்துகொண்டது. 1572-இல் பொம்பெல்லி இதை விலக்கித் தள்ளாமல் நேராகக் கணக்கிட்டார். (2 + i)³ = 2 + 11i, ஆகவே அந்த இரு கனமூலங்களும் 2 + i, 2 − i; கூட்டினால் 4. கலப்பெண்கள் கணிதத்துக்குள் வந்த வழி இதுவே. x² + 1 = 0-ஐத் தீர்ப்பதற்காக அவற்றை உருவாக்கினார்கள் என்று வகுப்பில் சொல்வதைவிட இந்தக் கணக்கைப் போட்டுக்காட்டினால் அவற்றின் தேவை மாணவர் மனத்தில் நன்றாகப் பதியும்.

ஐந்தாம் படிக்கும் அதற்கு மேலும் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், n-ஆம் மூலம் எடுத்தல் ஆகியவற்றால் மட்டும் ஆன பொதுச் சூத்திரம் கிடையாது. ஏபெல் 1824-இல் இதை நிரூபித்தார். எந்தச் சமன்பாட்டை அப்படித் தீர்க்கலாம், எதை முடியாது என்று பிரித்தறியும் வழியைக் கால்வா தந்தார். 1832-இல் அவர் இறந்து, 1846-இல்தான் அது அச்சேறியது. x⁵ − x − 1 = 0-இன் மெய் மூலம் ஏறத்தாழ 1.1673. அந்த எண் இருக்கிறது, வேண்டிய தசம இடங்கள் வரை காணலாம். மூலக்குறிகளால் எழுதத்தான் முடியாது.

ஆகவே நடைமுறையில் தோராயம்தான். நியூட்டன் தம் முறையை விளக்க எடுத்துக்கொண்ட x³ − 2x − 5 = 0-ஐயே எடுப்போம். பட்டியல் ±1, ±5. மதிப்புகள் முறையே −6, −4, 110, −120. விகிதமுறு மூலம் இல்லை. p(2) = −1, p(3) = 16, ஆகவே 2-க்கும் 3-க்கும் நடுவில், 2-க்கு மிக அருகில் ஒரு மூலம். கையிலிருக்கும் x-இலிருந்து p(x)/p′(x)-ஐக் கழித்தால் அடுத்த தோராயம். p′(x) = 3x² − 2.

2-இல்: 2 − (−1)/10 = 2.1
2.1-இல்: 2.1 − 0.061/11.23 = 2.094568
அடுத்தது: 2.0945515

மூன்றே சுற்றில் ஏழு தசம இடங்கள். சரியான தசம இடங்கள் ஒவ்வொரு சுற்றிலும் ஏறத்தாழ இரட்டிப்பாகின்றன. ஆனால் 2-க்குப் பதில் 0-இலிருந்து தொடங்கிப் பாருங்கள்: −2.5, −1.567, −0.503, −3.82 என்று மூலமே இல்லாத பக்கத்தில் அலையும். வகைக்கெழு பூச்சியத்தை நெருங்கும் இடங்களில், இங்கே ±0.816 அருகில், தொடுகோடு ஏறத்தாழக் கிடையாகிவிடுவதால் அடுத்த புள்ளி எங்கோ வீசப்படும். முதலில் குறிமாற்றத்தால் ஓர் இடைவெளியைப் பிடித்துக்கொண்டு, அதற்குள் தொடங்குங்கள். இரட்டை மூலத்தில் இந்த முறை மிகவும் மெதுவாகும், பிழை ஒவ்வொரு சுற்றிலும் பாதியாகத்தான் குறையும். அங்கே கழிக்கும் அளவை இரண்டால் பெருக்கிக்கொண்டால் பழைய வேகம் திரும்பும்.

கணினியில் போடும்போது வேறொரு ஆபத்து. 1 முதல் 20 வரையிலான முழு எண்களை மூலங்களாகக் கொண்ட இருபதாம் படிக் கோவையை வில்கின்சன் ஆராய்ந்தார். அதில் x¹⁹-இன் கெழு −210. அதிலிருந்து 2⁻²³-ஐ, அதாவது ஏறத்தாழ 0.00000012-ஐக் கழித்தால், இருபது மூலங்களில் பத்து கலப்பெண்களாகிவிடுகின்றன. 20 என்ற மூலம் 20.847-க்கு நகர்கிறது. நெருங்கி நிற்கும் மூலங்கள் கெழுக்களின் சிறு பிழையையும் பூதாகரமாக்கும். அளவீடுகளிலிருந்து வந்த கெழுக்களை இரண்டு தசம இடங்களுக்குச் சுருக்கிவிட்டு உயர்படிச் சமன்பாட்டைத் தீர்ப்பவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

இதே காரணத்தால், தோராய மூலத்தைக் கொண்டு வகுத்துப் படியைக் குறைக்கும்போது சுருக்காத எண்ணையே பயன்படுத்துங்கள். 2.0946 என்று சுருக்கி x³ − 2x − 5-ஐ வகுத்தால் அடி வரிசை 1, 2.0946, 2.38735, 0.00054, மீதி பூச்சியமாகவில்லை, அந்தப் பிழை ஈவின் கெழுக்களுக்குள்ளும் ஏறியிருக்கிறது. முழு மதிப்பையும் வைத்தால் ஈவு x² + 2.09455x + 2.38715, மற்ற இரு மூலங்கள் −1.04728 ± 1.13594i. உயர்படிக் கோவையில் இப்படி ஒன்றன்பின் ஒன்றாக வகுத்துக்கொண்டே போனால் பிழை சேர்ந்துகொண்டே வரும். ஆகவே ஈவிலிருந்து கிடைத்த ஒவ்வொரு மூலத்தையும் தொடக்கப் புள்ளியாக மட்டும் வைத்துக்கொண்டு, முதலில் கொடுத்த கோவையிலேயே நியூட்டன் முறையை இன்னும் ஓரிரு சுற்று ஓட்டிவிட்டு விடையாக எழுதுங்கள்.